வெங்கடேஸ்வரியின் பதினேழு வயது

வன்னியம்பட்டி சேதுபதியின் மூத்த மகள் வெங்கடேஸ்வரிக்கு 2014ஆம் வருடம் ஜூன் பதினான்காம் தேதி பதினெட்டு வயது ஆகவில்லை. ஆக வேண்டிய தேதி அதுதான். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் கார்டு மூன்றும் அதையே சொல்லின. அன்று சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய்க்குப் போனது, மேற்கு மலையில் சாரல் இறங்கியிருந்தது, ராஜபாளையம் டவுன் பஸ் வழக்கம்போல் பத்து நிமிடம் தாமதம். ஊரில் அன்றைக்குப் பிறந்தநாள் வந்த மற்ற இரண்டு பேருக்கும் ஒரு வயது கூடியது. வெங்கடேஸ்வரிக்கு மட்டும் கூடவில்லை.

கண் விழித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் கிளம்பிப் பாதி தூரம் வந்திருக்கும் என்று நினைத்து முழித்துப் பார்த்தால், ஏறின ஸ்டாண்டிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் கபடி பயிற்சியில் விழுந்து இடது முழங்காலில் தோல் உரிந்திருந்தது. நாலு நாள் கழித்தும் அது அப்போது உரிந்ததுபோல் ஈரமாகவே இருந்தது. வெட்டின நகம் மறுநாள் காலையில் பழைய நீளத்துக்கு வந்து நின்றது. தங்கை மாரிசெல்வி அவள் பின்னலில் ஒரு கொத்தைக் கத்தரியால் வெட்டி ஒரு டப்பாவில் போட்டுப் பார்த்தாள். விடிந்ததும் முடி இருந்த இடத்தில் இருந்தது. வெட்டின கொத்தும் டப்பாவில் இருந்தது. அக்காவும் தங்கையும் அந்த டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார்கள்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பதினெட்டாவது வயதுக்காக இரண்டு கூட்டம் காத்திருந்தது. ஒன்று, முந்தின வருடம்தான் தொடங்கியிருந்த மகளிர் கபடி லீக். எட்டு கிளப்புகள் ஜூலை மாதம் மதுரையில் கூடி, பட்டியலில் உள்ள பெண்களை முறைவைத்து ஆளுக்கொருத்தியாக எடுத்துக்கொள்ளும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்துகொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தந்த ஆல்வின் சார், வெங்கடேஸ்வரியின் விண்ணப்பத்தை மார்ச் மாதமே நிரப்பி, வயது என்ற கட்டத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

இன்னொரு கூட்டம் சேதுபதியின் அக்கா வீடு. அக்கா மகன் முத்துக்குமரன் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரன். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று ஜூன் இருபத்தேழில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் விளையாட்டு உண்டா என்று வெங்கடேஸ்வரியின் அம்மா இருளம்மாள் மகளுக்காகக் கேட்டுப் பார்த்தாள். முத்துக்குமரன் சிரித்துக்கொண்டே, "வீட்டு வாசல்ல வேணா ஆடட்டும் அத்தை" என்றான். சேதுபதி ராணுவத்தில் இருபது வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், மூன்று ஏக்கர் கரும்பு வைத்திருந்தார். ஒருதரம் வாக்குக் கொடுத்தால் அவரைப் பொறுத்தவரை அது நடந்து முடிந்த காரியம்.

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வெங்கடேஸ்வரி தங்கையிடம், "நாளைக்கு விடியாமலே இருந்தா நல்லாருக்கும்ட்டி" என்று சொன்னது உண்மை. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் மறுநாள் விடிந்துகொண்டுதான் இருக்கிறது.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில், அம்மா பேண்டேஜ் கம்பெனியில் வேலை முடிந்து வந்து செல்லைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில், வெங்கடேஸ்வரி அந்தச் செல்லை எடுத்துக் குழந்தைகளுக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டாள். "எனக்குக் கல்யாணம் வச்சிருக்காவ. எனக்குப் பதினேழுதான் ஆகுது" என்றாள். மறுமுனையில் ஊர் பெயரைக் கேட்டார்கள். சொன்னாள். பொய் சொல்கிற மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் ஜீப் வந்தது. அதிகாரி அம்மா ஒருவர், இரண்டு போலீஸ்காரர்கள். பந்தலுக்குக் கால் நட்டிருந்த வாசலில் சேதுபதி சான்றிதழ்களை எடுத்து வரிசையாக வைத்தார். அதிகாரி அம்மா அவற்றைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பு முனையில் இன்னும் மூடாத கோடு இருந்தது. வயது பதினேழு, பதினெட்டு முடியவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதினதில் தப்பில்லை. எலும்பு சொல்கிறபோது காகிதம் எப்படி வேறு மாதிரி சொல்லும், வயதைக் கூட்டி எழுதி வாங்கியிருப்பார்கள் என்று முடிவாயிற்று. கல்யாணம் நின்றது. சேதுபதி, "இந்தக் கையி பொய்யா ஒரு எழுத்து எழுதுனதில்ல மேடம்" என்று கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்க்க அதிகாரி அம்மாவுக்கு நேரமில்லை. முத்துக்குமரனின் ஸ்டேஷனிலேயே சேதுபதியிடம் எழுதி வாங்கினார்கள், பதினெட்டு முடியும்வரை இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய மாட்டேன் என்று. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அதற்கப்புறம் மூத்த மகளோடு பேசவில்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு" என்று மாரிசெல்வியிடம் சொல்வார். வெங்கடேஸ்வரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஜூலையில் ஆல்வின் சார் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனார். லீக்கும் காகிதத்தை நம்பவில்லை. சின்னப் பிள்ளைகளை வயதைக் கூட்டிச் சொல்லித் தள்ளிவிடுகிறார்கள் என்று முந்தின வருடம் புகார் வந்திருந்ததால், காகிதம் என்ன சொன்னாலும் எலும்பு சொல்வதுதான் வயது என்று விதியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். லீக் டாக்டர் நல்ல மனுசி. "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. அடுத்த வருசம் வா" என்றார். வெங்கடேஸ்வரி வாயைத் திறந்தாள். எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்று சொல்ல வந்தவளுக்கு, பதினேழுதான் ஆகிறது என்று தான் சொன்ன குரலே குறுக்கே வந்து நின்றது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வருடம் போனாள். அதற்கடுத்த வருடமும் போனாள். எக்ஸ்ரே ஃபிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒரே ஒரு கைதான் தெரிந்தது.

பதினேழு வயதில் எத்தனை கதவு சாத்தியிருக்கிறது என்று வெங்கடேஸ்வரிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வயதை ஒரே வருடத்தில் கடந்துவிடுகிறவர்கள் அவற்றைக் கவனிப்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு வந்த பிறகு அவள் பிறப்புச் சான்றிதழை எந்த ஆபீசும் நம்பவில்லை. பஞ்சாலைகளில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். போலீஸ் தேர்வுக்குப் போனால் அளவெடுக்கும்போதே திருப்பி அனுப்பினார்கள். ஸ்கூட்டி ஓட்ட லைசென்ஸ் இல்லை, ஓட்டு இல்லை. பாங்கில் பணம் எடுக்க அப்பா கையெழுத்து வேண்டும், அப்பாவோ பேசுவதில்லை. அஞ்சல் வழியில் பி.ஏ. எழுதித் தேறினாள். பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டும் பதினேழிலேயே இருந்தாள். கூடப் படித்தவர்கள் கல்யாணமாகிப் போனார்கள், பிள்ளையோடு வந்தார்கள், பிள்ளை அவளை முதலில் அத்தை என்றது, இரண்டு வருடம் கழித்து அக்கா என்றது. முத்துக்குமரன் தேவதானத்தில் பெண் எடுத்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழத் தொடங்கியிருந்த அவன், ஒருநாள் தேரடி பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் பஸ் போயிருச்சே பாப்பா" என்று சொல்லி அப்புறம்தான் யாரென்று உணர்ந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மைதானத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு விடியலிலும் உடம்பு ஜூன் பதின்மூன்றாம் தேதிக்குத் திரும்பிவிடும். எடை ஐம்பத்து நாலு கிலோ. கூடாது, குறையாது. தினமும் நூறு தண்டால் எடுத்தும் மறுநாள் தோள் பழைய தோள்தான். அடிபட்டாலும் மறுநாள் வலி இருக்காது. ஆனால் பார்த்தது மட்டும் மறக்கவில்லை. எதிரணிப் பெண் தாவுவதற்கு முன் எந்தக் காலில் பாரத்தை வைக்கிறாள், மூச்சு வாங்குகிறவள் எப்போது கண்ணைத் தாழ்த்துகிறாள், மூலையில் நிற்கிறவள் பிடிக்க வருமுன் விரலை எப்படி மடக்குகிறாள் என்று வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போயிற்று. ஆறாவது வருடத்தில் அவள் கபடி பாடிப் போனால் ஏழு பேர் நிற்கிற இடத்துக்குள் நடந்து போய்த் தொட்டுவிட்டு நடந்து வருவதுபோல் இருக்கும். ஆல்வின் சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஒடம்பு அம்புட்டுத்தான் இருக்கு. கண்ணு மட்டும் வளந்துக்கிட்டே போகுதே, இத எங்க கொண்டு போயி விக்க?" என்றார். அவள் சிரிக்கவில்லை. மாவட்ட அணியில் அவளை ஜூனியர் பிரிவில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஆட்சேபித்தபோது எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். அவள் வாங்கின ஜூனியர் கோப்பைகளில் இருளம்மாள் அரிசி களையும் அளவுக்குப் பெரியதும் ஒன்று இருந்தது.

2018 நவம்பரில் ஒரு காலையில் மாரிசெல்வி அக்காவைத் தாண்டினாள். நாலு வயதுக்கு மேல் இளையவள், அன்றைக்குப் பதினெட்டு முடிந்து எழுந்து வந்தாள். அடுப்படி வாசலில் நின்று அக்காவையே பார்த்தாள்.

"என்னட்டி பாக்குத?"

"ஒண்ணுமில்லக்கா. நீ ரொம்பச் சின்னதா இருக்க" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அழுதாள். வெங்கடேஸ்வரி அழவில்லை. தங்கைக்கு அன்றைக்குச் சாயங்காலமே இடதுபக்கம் போக்குக்காட்டி வலதுபக்கம் திரும்பித் தொடுகிற வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அது தனக்காக வைத்திருந்தது. மாரிசெல்விக்கு வரன் பார்க்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். சேதுபதி அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, டிராஃப்ட் விண்ணப்பத்தை வாங்கி, தன் கையாலேயே பெரிய எழுத்தில் நிரப்பினார்.

மதுரைக்கு ரயிலில் அப்பாவும் இரண்டு மகள்களும் போனார்கள். சோதனை ஆட்டத்தில் ஆடின மாரிசெல்வியை இரண்டாவது சுற்றிலேயே கோயம்புத்தூர் கிளப் எடுத்துக்கொண்டது. வெங்கடேஸ்வரிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அம்மா இந்தத் தரம் ஒன்றும் சொல்லாமல் ஃபிலிமைக் கவரில் போட்டுக் கொடுத்தார். மாரிசெல்வியை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது எதிரெதிர் சீட்டில் அப்பாவும் மூத்த மகளும் மட்டும். திருமங்கலம் தாண்டினதும் சேதுபதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ வலதுபக்கம் திரும்புனாள்லா, அத நீதான் சொல்லிக் குடுத்தியோ?"

"ஆமாப்பா."

"ம்" என்றார். ஐந்து வருடத்துக்குப் பிறகு பேசின பேச்சு அவ்வளவுதான். விருதுநகர் வந்தது, சிவகாசி வந்தது. அவள் அந்த "ம்"மை வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

அதற்கப்புறம் வருடங்கள் ஓடின. மாரிசெல்வி டி.வி.யில் வந்தாள், முதுகில் எட்டாம் நம்பரோடு. லீவுக்கு வரும்போதெல்லாம் தோள் அகன்று, குரல் கனத்து, ஒவ்வொரு தரமும் வேறு பெண்ணாக வந்தாள். கொரோனா வந்தது. ஊர் முழுக்க ஒன்றரை வருடம் நின்ற இடத்தில் நின்றது. அப்போது மட்டும் வெங்கடேஸ்வரிக்கு மற்றவர்களோடு சேர்ந்து நிற்கிறோம் என்று ஓர் ஆறுதல் இருந்தது. பிறகு மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மையோடு வருகிறவர்களை அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஜூலை வந்தால் மட்டும் மதுரைக்குப் போய்விட்டு வந்தாள், வருடாவருடம் கோயிலுக்கு முடியிறக்கப் போகிறவர்கள் மாதிரி. அவளுக்குள் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. அந்த உதவி எண்ணைக் கூப்பிட்ட விரலை அடிக்கடி பார்த்துக்கொள்வாள். கூப்பிடாவிட்டால் முத்துக்குமரன் வாசலில் ஆடிக்கொண்டிருந்திருப்பாள். கூப்பிட்டதால் யார் வாசலிலும் இல்லாமல் நின்றாள். அப்பாவிடம் அதை அவள் சொல்லவே இல்லை.

2025இல் லீக் விதியை மாற்றியது. வெளிநாட்டில் சிறு வயதுப் பெண்கள் ஆடி ஜெயிக்கிறார்கள், நாம் பதினெட்டு வரை காத்திருந்தால் ஆகாது என்று, பதினாறு முடிந்தாலே டிராஃப்டில் சேரலாம் என்றார்கள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இருபத்தொன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆட்டம் நடக்கிற ஊருக்கெல்லாம் பெற்றோரில் ஒருவர் கூடவே வர வேண்டும். ஆல்வின் சாருக்கு மூட்டுவலி, படி ஏற முடியவில்லை. வெங்கடேஸ்வரி தனியாகவே லீக் ஆபீசுக்குப் போனாள். செயலாளர் சான்றிதழைப் பார்த்தார். பிறந்த வருடம் 1996.

"ஒங்களுக்கு இருபத்தொம்பது ஆயிருச்சே. இருபத்தொண்ணுக்கு மேல எடுக்க முடியாதும்மா."

வெங்கடேஸ்வரி பையிலிருந்து எக்ஸ்ரே கவர்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். கொரோனாவில் லீக் நின்ற இரண்டு வருடம் போக ஒன்பது இருந்தது. ஒவ்வொன்றிலும் லீக்கின் முத்திரை.

"காகிதம் என்ன சொன்னாலும் எலும்பு சொல்றதுதான் வயசுன்னு எழுதினது நீங்கதான சார். இத்தன வருசமா அதச் சொல்லித்தான் என்னய வெளிய நிறுத்துனிய. இப்பவும் அதையே சொல்லுங்க."

செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அந்த வரியை யாரும் எடுக்கவில்லை, அப்படியே இருந்தது. பத்தாவது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். டாக்டர் அம்மாவுக்கு இதற்குள் தலை நரைத்துவிட்டது. அவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "பதினேழு" என்று எழுதி, கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார். விண்ணப்பத்தில் செயலாளர் வயது 17 என்று டைப் அடித்து, அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

சேதுபதி பம்புசெட் அருகே கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். காலைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடி போட்டு, விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"பதினேழுன்னு போட்டிருக்கு."

"ஆமாப்பா."

"பதினேழுன்னு சொல்லி என்னயப் பொய்க்காரனாக்குனாவ. இப்ப அதுலயே என்னயக் கையெழுத்துப் போடச் சொல்லுதியா?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள். "அன்னைக்குப் போன் போட்டது நாந்தாம்ப்பா" என்றாள்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"ஜீப்பு வந்த அன்னைக்கே. ஒங்கம்மா செல்லக் கொண்டாந்து, இந்த நம்பர அழிச்சுக் குடுங்கன்னா. அவளுக்கு அழிக்கத் தெரியாது. நாந்தான் அழிச்சேன்." வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் ஓடி முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போன் போட்டதுக்கு எனக்குக் கோவமில்ல. எங்கிட்ட வந்து வேண்டாம்ப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சுப் பாப்பேன். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். அதான் ஒங்கிட்டப் பேச முடியல."

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு மகளை மேலிருந்து கீழே பார்த்தார். அவரும் அதற்குள் பல் விழுந்து, முதுகு வளைந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"ஒனக்கு எத்தன வயசுட்டி?"

"பதினேழுப்பா."

"சரி" என்று கையெழுத்துப் போட்டு, அடியில் முன்னாள் ஹவில்தார் என்றும் எழுதினார்.

கடைசிச் சுற்றில், எல்லா நல்ல பேரும் போன பிறகு, தூத்துக்குடி கிளப் அவளை எடுத்தது. முதல் ஆட்டத்தில் பதினோரு புள்ளி. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இம்புட்டு நிதானமா என்று வர்ணனையாளர் வியந்தார். வன்னியம்பட்டியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. ஹாஸ்டலில் அவளை எட்டரை மணிக்கே அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். செல்போனை மேனேஜர் வாங்கி வைத்துக்கொள்கிறார். சம்பளம் அப்பா பெயரில்தான் வருகிறது. ஒரு சீசனுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது, பதினெட்டு ஆகாதவளுக்குச் சட்டம் இடம் தராது. கோயம்புத்தூரோடு ஆடினபோது மாரிசெல்வி அவள் இடுப்பைப் பிடித்துக் கோட்டுக்கு உள்ளேயே அமுக்கினாள். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, "சின்னப் பிள்ள, பாத்துட்டி" என்று காதோரம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்ததற்கு நடுவர் எச்சரித்தார்.

இந்த வருட விண்ணப்பத்தில் கிளப்காரர்களே வயது 17 என்று அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். விதிப்படி சேதுபதி கூடவே போகிறார். சென்னை, பெங்களூரு, புனே என்று எந்த ஊர் மைதானமானாலும் கோட்டுக்கு வெளியே பெற்றோருக்கென்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டைக்கு மேல் அடையாள அட்டை தொங்க, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார். கரும்பைக் குத்தகைக்கு விட்டாயிற்று. எப்போது வருவார் என்று யாராவது வீட்டு வாசலில் வந்து கேட்டால் இருளம்மாள், "பிள்ளைக்கு வயசு வரட்டும், வந்திருவாவ" என்கிறாள். கேட்டவர்களும் சரியென்று போய்விடுகிறார்கள்.